மியாசிஸ்: 46 எப்படி 23 ஆகிறது? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

மியாசிஸ் (விந்தணுவும் முட்டையும் உருவாகும் செல் பகுப்பு) என்றதும் பெரும்பாலான மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன் என்ற பெயர் வரிசைதான். அதை ஒப்பித்துத் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் "முதல் பகுப்பில் எது எதை விட்டுப் பிரிகிறது, இரண்டாம் பகுப்பில் எது பிரிகிறது?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. இந்த ஒரு கேள்விதான் மியாசிஸின் மையம். விடை ஒரே வரி: முதலில் ஜோடி பிரியும், பிறகு நகல் பிரியும். இது பிடிபட்டால் மெண்டலின் விதிகள், குறுக்கேற்றம், டவுன் சிண்ட்ரோம், விதையில்லா வாழைப்பழம் எல்லாவற்றையும் நீங்களே யோசித்து வரவழைக்கலாம்.

ஒரு வெள்ளைத்தாள், ஒரு சிவப்புப் பேனா, ஒரு நீலப் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டே வரையவேண்டும். மியாசிஸை வரையாமல் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

ஏன் பாதியாக வேண்டும்?

மனிதரின் உடல் செல் ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம்கள், அதாவது ஜீன்களைச் சுமக்கும் டி.என்.ஏ. இழைகள். கருமுட்டையிலும் 46, விந்தணுவிலும் 46 இருந்தால் குழந்தைக்கு 92, பேரக்குழந்தைக்கு 184. அப்படி நடப்பதில்லை என்றால், கருவுறுதலுக்கு முன்பே எங்கோ எண்ணிக்கை பாதியாகியிருக்க வேண்டும். 1883இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த எட்வார்ட் வான் பெனடன் குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவை ஆராய்ந்தபோது இது கண்ணுக்கே தெரிந்தது. அந்தப் புழுவின் செல்லில் வெறும் நான்கு குரோமோசோம்கள்தான், எண்ணுவது சுலபம். கருவுற்ற முட்டையில் தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து இரண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து ஆகஸ்ட் வைஸ்மன், ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் தனிவகைப் பகுப்பு ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்று வாதிட்டார். அதுதான் மியாசிஸ், நம் பாடநூல் சொல்லும் குன்றல் பகுப்பு.

எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் சற்று நிதானமாகப் போவோம்.

உங்களிடம் உள்ள 46 குரோமோசோம்கள் 23 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்து வந்தது, மற்றொன்று அப்பாவிடமிருந்து வந்தது. இவை ஒத்த குரோமோசோம்கள். ஒரே பாடப்புத்தகத்தின் இரண்டு பதிப்புகள் மாதிரி: அத்தியாய வரிசை ஒன்றுதான், ஆனால் அங்கங்கே சொற்கள் மாறியிருக்கும். பகுப்புக்கு முன் செல் தன் டி.என்.ஏ. முழுவதையும் இரட்டிக்கும்போது, ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு ஜெராக்ஸ் கிடைக்கிறது. இந்த இரண்டு நகல்களும் சென்ட்ரோமியர் என்ற இடத்தில் ஒட்டியே இருக்கும். இவற்றுக்குச் சகோதரி குரோமாட்டிடுகள் என்று பெயர். ஆகவே ஜோடி என்பது அம்மாவுடையதும் அப்பாவுடையதும். நகல் என்பது ஒன்றின் பிரதி. இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எண்ணும் விதி எளிது. சென்ட்ரோமியர்களை எண்ணுங்கள், அதுதான் குரோமோசோம்களின் எண்ணிக்கை. இரட்டிப்பு முடிந்த செல்லில் 92 குரோமாட்டிடுகள் இருந்தாலும் குரோமோசோம் 46தான். ஏனென்றால் நகல்கள் ஒட்டியிருக்கும்வரை இரண்டும் சேர்ந்து ஒன்று. டி.என்.ஏ.வின் அளவு மட்டும்தான் இரு மடங்காகியிருக்கிறது. விந்தணுவில் உள்ள அளவை 1 என்று வைத்தால், சாதாரண உடல் செல்லில் 2, இரட்டிப்புக்குப் பின் 4, முதல் பகுப்பு முடிந்ததும் 2, இரண்டாம் பகுப்பு முடிந்ததும் 1. நீட் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த வரிசையைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துக்கொள்ளலாம்.

படி 1: வரையத் தொடங்குங்கள்

ஒரு பெரிய வட்டம் போடுங்கள். உள்ளே நீளமான ஜோடி ஒன்று, குட்டையான ஜோடி ஒன்று. அம்மாவுடையது சிவப்பு, அப்பாவுடையது நீலம். ஆக நான்கு குரோமோசோம்கள், வான் பெனடனின் புழுவைப் போலவே. இப்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே நிறத்தில் இன்னொரு கோடு போட்டு நடுவில் ஒரு புள்ளியால் இணையுங்கள். இரட்டிப்பு முடிந்தது. இனி நடக்கும் இரண்டு பகுப்புகளுக்கும் இடையில் மறுபடி இரட்டிப்பு கிடையாது. இரட்டிப்பு ஒருமுறை, பகுப்பு இருமுறை. எண்ணிக்கை குறைவதன் காரணம் முழுவதும் இதுதான்.

படி 2: முதல் புரோஃபேஸ்

மியாசிஸில் அதிக நேரம் எடுப்பதும், எனக்கு மிகவும் பிடித்ததும் இந்தக் கட்டம். மனப்பாடப் பெயர்கள் ஐந்தும் இதற்குள்தான் வருகின்றன.

லெப்டோட்டீனில் குரோமோசோம்கள் மெல்லிய இழைகளாகத் தெரிய ஆரம்பிக்கும். அவற்றின் முனைகள் உட்கருவின் உறையில் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகக் குவியும். இந்த நேரத்தில் செல் ஒரு காரியம் செய்கிறது, கேட்டால் திடுக்கிடும்: தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டிக்கொள்கிறது. ஸ்போ11 என்ற புரதம் மரபுப்பொருளில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இரண்டு இழைகளையும் துண்டிக்கிறது. வேறு எந்த நேரத்திலும் செல்லுக்கு இது ஆபத்து. இங்கே அதுவே வழி. வெட்டுண்ட முனை, தன்னைப் பழுதுபார்க்க அதே வரிசையுள்ள டி.என்.ஏ.வைத் தேடிப் போகிறது. பக்கத்திலேயே இருக்கும் நகலைவிட ஒத்த குரோமோசோமையே பெரிதும் நாடுகிறது. சிவப்பு நீலத்தைக் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

சைகோட்டீனில் ஜோடிகள் முனை முதல் முனை வரை நெருங்கி இணைகின்றன. இடையில் சினாப்டினிமல் தொகுப்பு என்ற புரத அமைப்பு உருவாகி இரண்டையும் பிடித்துவைக்கிறது. பாக்கிட்டீனில் குறுக்கேற்றம் முற்றுப்பெறுகிறது: வெட்டுகளில் பெரும்பாலானவை சத்தமில்லாமல் சரிசெய்யப்பட, சில இடங்களில் மட்டும் சிவப்புத் துண்டும் நீலத் துண்டும் இடம் மாறி நிரந்தரமாக ஒட்டிக்கொள்கின்றன. டிப்ளோட்டீனில் ஜோடிகள் விலகத் தொடங்கும்போது, மாற்றம் நடந்த இடங்களில் மட்டும் அவை கோத்துக்கொண்டு நிற்பது நுண்ணோக்கியில் தெரியும், அவைதான் கயாஸ்மாக்கள். டயாகைனெசிஸில் எல்லாம் இன்னும் சுருங்கித் தடிக்கும், உட்கரு உறை மறையும். அவ்வளவுதான்.

உங்கள் தாளில் நீள ஜோடியின் ஒரு சிவப்புக் கையின் (சென்ட்ரோமியரின் இருபுறமும் நீளும் பகுதிதான் கை) நுனியையும் ஒரு நீலக் கையின் நுனியையும் நிறம் மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு குரோமாட்டிடுகளில் இரண்டு மட்டும் கலந்திருக்கும், மற்ற இரண்டு பழையபடியே இருக்கும். குறுக்கேற்றத்தில் குரோமோசோம்களின் துண்டுகள் உண்மையிலேயே இடம் மாறுகின்றன என்பதை 1931இல் ஹேரியட் கிரெய்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் மக்காச்சோளத்தில் நிரூபித்தார்கள். ஒரு முனையில் கருநிறக் குமிழ் உள்ள குரோமோசோம் ஒன்றை அவர்கள் அடையாளமாகப் பயன்படுத்தினார்கள். மரபுப் பண்புகள் இடம் மாறியபோதெல்லாம் அந்தக் குமிழும் சேர்ந்து இடம் மாறியது.

குறுக்கேற்றத்தின் பயன் புதுமை மட்டும் என்று பல புத்தகங்கள் நிறுத்திவிடுகின்றன. அது போதாது. கயாஸ்மாதான் ஜோடியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு. மனிதரில் ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது ஒன்றாவது தேவை. ஆண்களின் ஒரு செல்லில் மொத்தம் சுமார் 50, பெண்களில் அதைவிட அதிகம். ஒன்றுகூட இல்லாத ஜோடி அடுத்த கட்டத்தில் திசை தெரியாமல் அலையும். குழந்தைகளிடம் காணும் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழைகளில் ஒரு பகுதி இங்கேதான் விதைக்கப்படுகிறது.

படி 3: முதல் மெட்டாஃபேஸும் மெண்டலும்

ஜோடிகள் ஜோடியாகவே செல்லின் நடுவில் வந்து நிற்கின்றன. நீள ஜோடியில் சிவப்பு இடப்பக்கம் பார்த்து நிற்கலாம், வலப்பக்கமும் பார்க்கலாம். குட்டை ஜோடி எப்படி நிற்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாளில் இரண்டு விதமாகவும் வரைந்து பாருங்கள்: இரண்டு ஜோடிகளிலிருந்து நான்கு வகைப் பாலணுக்கள் (விந்தணு அல்லது முட்டை) வரும். 23 ஜோடிகளுக்கு 2ஐ 23 முறை பெருக்கவேண்டும்: 83,88,608. இது ஒருவருக்கு மட்டும். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்தால் சுமார் 70 லட்சம் கோடி சேர்க்கைகள். குறுக்கேற்றத்தை இன்னும் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மெண்டல் 1865இல் தன் பட்டாணி முடிவுகளைச் சொன்னபோது இதையெல்லாம் யாரும் பார்த்திருக்கவில்லை. உருண்டை மஞ்சள் விதையையும் சுருங்கிய பச்சை விதையையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் அவருக்குக் கிடைத்த 556 விதைகள்: உருண்டை மஞ்சள் 315, உருண்டை பச்சை 108, சுருங்கிய மஞ்சள் 101, சுருங்கிய பச்சை 32. ஏறத்தாழ 9:3:3:1. விதையின் வடிவத்துக்கான ஜீனும் நிறத்துக்கான ஜீனும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால், நீங்கள் வரைந்த அந்த நான்கு வகைகளும் சம அளவில் கிடைத்தன. அதன் விளைவே இந்த விகிதம். 1902-03இல் அமெரிக்க மாணவர் வால்டர் சட்டன் வெட்டுக்கிளியின் விந்தகச் செல்களைப் பார்த்து, குரோமோசோம்களின் நடத்தையும் மெண்டல் சொன்ன காரணிகளின் நடத்தையும் ஒன்றே என்று எழுதினார். ஜெர்மனியில் தியோடர் போவேரி கடல்முள்ளெலிகளின் கருக்களைக் கொண்டு, ஒவ்வொரு குரோமோசோமுக்கும் தனித்தனி வேலை உண்டு என்று காட்டியிருந்தார்.

இரண்டு ஜீன்கள் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்? அவை சேர்ந்தே போகும், இடையில் குறுக்கேற்றம் நடந்தால் மட்டும் பிரியும். தூரம் கூடக்கூடப் பிரியும் வாய்ப்பும் கூடும். பழ ஈ மரபியலை ஆராய்ந்த தாமஸ் மார்கனின் ஆய்வகத்தில் இளைஞராக இருந்த ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் 1913இல் வெளியிட்ட முதல் ஜீன் வரைபடம், பழ ஈயில் இந்த யோசனையிலிருந்தே வந்தது.

படி 4: முதல் அனாஃபேஸ்

நகல்களை ஒட்டவைத்திருப்பது கோஹீசின் என்ற புரதம். குரோமோசோம்களின் கைகளிலும் சென்ட்ரோமியரிலும் அது இருக்கிறது. அனாஃபேஸ் தொடங்கியதும் செபரேஸ் என்ற நொதி கோஹீசினை வெட்டுகிறது. ஆனால் கைகளில் மட்டும். சென்ட்ரோமியரில் ஷுகோஷின் என்ற இன்னொரு புரதம் காவல் நிற்கிறது. ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்குக் காவல் தெய்வம் என்று பொருள். கைகளில் பிடி விட்டதும் கயாஸ்மாக்கள் நழுவுகின்றன, ஜோடிகள் எதிரெதிர் துருவங்களுக்குப் போகின்றன. நகல்கள் இன்னும் சென்ட்ரோமியரில் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு ஜோடிக் காரணிகளில் ஒன்று மட்டுமே ஒரு பாலணுவுக்குப் போகும் என்ற மெண்டலின் தனித்துப் பிரிதல் விதி நடப்பது இந்த இடத்தில்தான்.

வரைந்து முடித்ததும் எண்ணுங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு சென்ட்ரோமியர். மனிதரில் 23. எண்ணிக்கை பாதியானது முதல் பகுப்பிலேயே.

படி 5: இரண்டாம் பகுப்பு

இதில் புதிதாக எதுவும் இல்லை. உடல் செல்கள் பெருகும் சாதாரணப் பகுப்பான மைட்டாசிஸ் போலவே நகல்கள் நடுவில் வரிசையாக நிற்கும், சென்ட்ரோமியரின் கோஹீசினும் இப்போது வெட்டுப்படும், நகல்கள் பிரியும். நான்கு செல்கள், ஒவ்வொன்றிலும் 23.

கண்ணால் பார்க்க

பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் வெங்காயப் பூமொட்டு போதும். பூங்கொத்து விரிவதற்கு முன் காலையில் பல அளவு மொட்டுகளைப் பறித்து, 3 பங்கு ஆல்கஹால், 1 பங்கு கிளேஷியல் அசெட்டிக் அமிலம் கலந்த திரவத்தில் ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு ஒரு மொட்டிலிருந்து மகரந்தப்பையை எடுத்து, கண்ணாடித்தகட்டில் அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் ஒரு சொட்டு விட்டு, ஊசியால் நசுக்கி, சக்கைகளை நீக்கிவிட்டு மூடிவில்லை வையுங்கள். லேசாகச் சூடுகாட்டி, வடிதாள் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்தவேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டுவிடும். அமிலத்தைக் கையாளும்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்கட்டும்.

மகரந்தத் துகள்கள் மட்டும் தெரிந்தால் மொட்டு முற்றிவிட்டது, இன்னும் சிறியதை எடுங்கள். சரியான மொட்டு கிடைத்தால் வெளிறிய செல்லுக்குள் செக்கச்சிவந்த எட்டுக் கட்டிகள் தெரியும். வெங்காயத்தில் 16 குரோமோசோம்கள், அதனால் எட்டு ஜோடிகள். சில கட்டிகள் வளையமாக இருக்கும்: இரு கைகளிலும் கயாஸ்மா. சில தடி போல நீண்டிருக்கும்: ஒரு கையில் மட்டும். அதே தகட்டில் இரட்டைச் செல்களும் நான்கு செல் கூட்டங்களும் கிடைத்தால் மியாசிஸ் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்தாயிற்று.

முட்டைக்கு ஒரு கணக்கு, விந்துக்கு ஒரு கணக்கு

ஆணில் ஒரு மியாசிஸ் நான்கு விந்தணுக்களைத் தரும். பெண்ணில் ஒன்றே ஒன்றுதான் முட்டை. மற்றவை துருவச் செல்கள் என்ற சிறு துணுக்குகளாக ஒதுங்கி அழியும். பூக்கும் தாவரங்களிலும் சூலகத்தில் மியாசிஸ் தரும் நான்கு செல்களில் மூன்று அழிகின்றன. தேர்வுகளில் விடாமல் வரும் "100 விதைகளுக்கு எத்தனை மியாசிஸ்?" என்ற கேள்விக்கு இதுதான் அடிப்படை: 100 முட்டைகளுக்கு 100, 100 மகரந்தத் துகள்களுக்கு 25, மொத்தம் 125.

அதைவிடப் பெரிய வித்தியாசம் காலம். ஆணில் பருவமடைந்த பிறகு மியாசிஸ் ஆரம்பித்து, விந்தணு உருவாகும் ஒவ்வொரு சுற்றும் சுமார் இரண்டரை மாதத்தில் முடிகிறது. பெண்ணில் அது அவர் தன் தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் 20ஆவது வாரத்தில் அந்தச் சிசுவின் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். அத்தனையும் டிப்ளோட்டீனில் நின்றுவிடும். பருவமடைந்த பின் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று மட்டும் முதல் பகுப்பை முடிக்கும். இரண்டாம் பகுப்பு விந்தணு உள்ளே நுழைந்தால்தான் முடியும். 38 வயதில் ஒருவர் கருத்தரித்தால், அந்த முட்டையின் முதல் புரோஃபேஸ் 38 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தது என்று பொருள். சிசுப் பருவத்தில் சேர்ந்த கோஹீசின்தான் அத்தனை காலமும் பிடித்துவைத்திருக்கிறது. வயது ஏற ஏற அது நைந்துபோகிறது.

பிரியாமல் போனால்

பிடி தளர்ந்தால் ஜோடி சரியாகப் பிரியாது. உங்கள் படத்தில் நீள ஜோடி இரண்டையும் முதல் அனாஃபேஸில் ஒரே பக்கம் அனுப்பிப் பாருங்கள். கடைசியில் நான்கு செல்களுமே தவறாக இருக்கும்: இரண்டில் ஒன்று கூடுதல், இரண்டில் ஒன்று குறைவு. பிழை இரண்டாம் பகுப்பில் நடந்தால் இரண்டு செல்கள் சரியாகவே இருக்கும். ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும்.

21ஆவது குரோமோசோம் கூடுதலாக உள்ள முட்டையோ விந்தோ கருவானால் டவுன் சிண்ட்ரோம். இதை 1959இல் பாரிஸில் ஜெரோம் லெஜூன், மார்த்தா கோத்தியே, ரேமோன் டுர்ப்பென் மூவரும் வெளியிட்டார்கள். இந்தக் கூடுதல் குரோமோசோம் சுமார் 90 சதவீதம் முட்டை வழியாகவே வருகிறது, அதிலும் பெரும்பகுதி முதல் பகுப்பின் பிழை. தாயின் வயது 20ஐ ஒட்டி இருந்தால் சுமார் 1,500 பிரசவத்தில் ஒன்று. 35இல் சுமார் 350இல் ஒன்று. 40இல் 100இல் ஒன்று.

இந்த எண்களைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தாய் சாப்பிட்டது, நடந்தது, கிரகணத்தில் வெளியே வந்தது எதுவும் இதற்குக் காரணமில்லை. நம் ஊரில் சொந்தத்தில் கட்டினதால்தான் இப்படி என்றும் பேசுவார்கள். அதுவும் இல்லை. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் திருமணங்களில் கூடுவது வேறு வகைச் சிக்கல்: குடும்பத்தில் ஒடுங்கியிருக்கும் பழுதான ஜீன் இரு பக்கமிருந்தும் வந்து சேர்வது. அது ஜீனின் கோளாறு. இது பிரிவதன் கோளாறு. இரண்டையும் சேர்த்துப் பேசி ஒரு தாயைக் குற்றவாளியாக்குவது கொடுமை.

பெண் குழந்தை பிறந்தால் மருமகளைக் குறைசொல்லும் வழக்கத்துக்கும் மியாசிஸில் பதில் இருக்கிறது. பாலினத்தைத் தீர்மானிப்பவை எக்ஸ், ஒய் என்ற குரோமோசோம்கள். பெண்ணின் முட்டைகள் எல்லாவற்றிலும் எக்ஸ்தான். ஆணின் முதல் பகுப்பில் எக்ஸும் ஒய்யும் பிரிவதால் பாதி விந்தணுக்களில் எக்ஸ், பாதியில் ஒய். பாலினம் விந்தணு கொண்டுவருவதைப் பொறுத்தது. அதுவும் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை.

மூன்று மூன்றாக இருந்தால்: வாழை

காட்டுவாழையில் 22 குரோமோசோம்கள், 11 ஜோடிகள். பழம் முழுக்கக் கறுத்த கல் போன்ற விதைகள். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், பச்சைநாடன் எல்லாம் 33 குரோமோசோம்கள் கொண்டவை. ஒவ்வொன்றும் மூன்று மூன்றாக இருப்பதால் ஜோடி சேர்வதில் தகராறு. இரண்டு சேர்ந்தால் ஒன்று தனியாக நிற்கும், அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்லமுடியாது. முழுமையான பாலணு உருவாவது மிக அரிது, விதை இல்லை. கருவுறாமலேயே காய் பெருக்கும் தன்மையும் வாழைக்கு இருப்பதால் நமக்குப் பழம் கிடைக்கிறது. பக்கக்கன்று நட்டுத்தான் வளர்க்கிறோம். மியாசிஸ் நடக்காததால் தோட்டம் முழுக்க ஒரே மரபுப்பொருள். நோய் ஒன்றைத் தாக்கினால் எல்லாவற்றையும் தாக்கும். 1950களில் குரோமிஷல் (Gros Michel) என்ற வாழை ரகத்தைப் பனாமா வாடல் நோய் வணிகச் சந்தையிலிருந்தே துரத்தியது இப்படித்தான். கோவேறு கழுதையின் மலட்டுத்தன்மையும் இதே வகை: குதிரைக்கு 64, கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63.

பரிசோதனை அறிக்கையை வாசிக்க

குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்று சந்தேகம் வந்தால் காரியோடைப் பரிசோதனை எழுதித் தருவார்கள். இரத்தத்தின் வெள்ளணுக்களை மூன்று நாள் அளவில் வளர்த்து, மெட்டாஃபேஸில் நிறுத்தி, சாயமேற்றிப் படமெடுத்து எண்ணுவார்கள். (மனிதருக்கு 46 என்பதே 1956இல்தான் உறுதியானது. அதுவரை 48 என்று நம்பினார்கள்.) அறிக்கை வந்ததும் முதலில் அந்த எண்ணைப் பாருங்கள்.

47 என்றும் கூடுதலாக 21 என்றும் இருந்தால் அது பகுப்பின்போது தற்செயலாக நடந்த பிழை. சுமார் 95 சதவீதம் இந்த வகைதான். இதற்குப் பெற்றோரின் குரோமோசோம்களைச் சோதிக்க வழக்கமாகத் தேவை இருப்பதில்லை. எண் 46 என்று இருந்து, 21ஆவது குரோமோசோம் 14ஆவது போன்ற வேறொன்றோடு ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருந்தால் விஷயம் வேறு. அப்போது அப்பா, அம்மா இருவருமே பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் 45 குரோமோசோம்களோடு முழு ஆரோக்கியமாக இருக்கலாம். மரபுப்பொருள் குறையவில்லை, இரண்டு ஒட்டியிருப்பதால் எண்ணிக்கை மட்டும் குறைந்திருக்கும். ஆனால் அவருடைய மியாசிஸில் மூன்று குரோமோசோம்கள் ஒன்றுசேர்ந்து நின்று பிரியவேண்டியிருக்கிறது, தவறும் வாய்ப்பு அதிகம். அந்த ஒட்டு தாயிடம் இருந்தால் அடுத்த குழந்தைக்கும் டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம் வரை. தந்தையிடம் இருந்தால் அதைவிட மிகக் குறைவு. அடுத்த கர்ப்பத்தைத் திட்டமிடும் முன் இந்த அறிக்கையோடு மரபியல் ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். தாயின் கூடப்பிறந்தவர்களோ தந்தையின் கூடப்பிறந்தவர்களோ, ஒட்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தவரும் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.